ஹார்முஸ் சாரின் மூன்று காரணங்கள்

உலகத்தில் எந்த மூலையில் குண்டு வெடித்தாலும் முதலில் மானம் போகிற வீடு, மாரெட்பள்ளியில் எங்கள் வீடுதான். உபயம், மேல்மாடி ஹார்முஸ் சார்.

கல்லூரியில் சர்வதேச அரசியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வெங்காய விலை ஏறிவிட்டதே என்றால்கூட, பேச்சை ஹார்முஸ் நீரிணையில் கொண்டுபோய் நிறுத்துவார். அதனால் அந்தப் பெயர். சென்னைச் செய்தி சேனல் ஒன்று அவரை அடிக்கடி விவாதத்துக்குக் கூப்பிடும். அவர் வீட்டு வை-ஃபை நொண்டும். ஆகவே சாயங்காலம் ஏழு மணிக்குக் கோட்டும் லேப்டாப்புமாக நடுமாடியில் எங்கள் கூடத்தில் ஆஜர்.

"அம்மா, நக்கோ, வேணாம்! கொடியில என் யூனிஃபார்ம் டிவியில தெரியுது!" என்று மகள் அலறுவாள். பக்கத்திலேயே என் நைட்டி. அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் மேற்கு ஆசியாவை அலசுவார் மனிதர். மறுநாள் ஆபீஸில் நான் தலை நிமிர முடியாது.

எதைக் கேட்டாலும், "இதுக்கு மூணு காரணம்" என்று வகுப்பறை மாதிரி விரல் மடக்குவார். முதல் காரணம் முடிவதற்குள் நெறியாளர் விளம்பரத்துக்குப் போய்விடுவார். மீதி இரண்டும் எங்கள் தலையில். குக்கர் விசில் அடித்துவிட்டது என்று நான் அடுப்படிக்கு ஓடிவிடுவேன், அடிக்காவிட்டாலும்.

ஒருநாள் நெறியாளர் கத்தினார். "ஒரே வார்த்தை சார்! வளைகுடாவுல போர் வருமா, வராதா?"

"வராது. ஆனா மூணு விஷயம் கவனிக்கணும்..."

"நன்றி சார்!"

'போர் வராது: பேராசிரியர் உறுதி' என்று திரையின் அடியில் ஓடியது. கீழ்வீட்டு மல்லிகா அக்கா அதைப் பார்த்துவிட்டு, லீவில் வந்திருந்த மகனைத் தைரியமாக வளைகுடாவுக்கே திருப்பி அனுப்பினார்.

அந்த வாரமே ஏவுகணைகள் பறந்தன. விமானங்கள் நின்றன. பையன் அங்கேயே மாட்டிக்கொண்டான்.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் சாரைக் கொன்றது. அக்கா வாசலைத் தாண்ட வேண்டுமே என்று மாடிப்படி இறங்குவதையே விட்டார். பாலுக்குக் கயிற்றில் கூடை இறக்கினார். அந்தப் பாழாய்ப்போன கூடை, சரியாக அக்கா ஜன்னல் கம்பியில் மாட்டும். அக்காவே எடுத்துவிடுவார்.

சேனல் மறுபடி கூப்பிட்டது. இந்தத் தடவை கோட் இல்லாமல், எங்கள் வீடு வரைக்கும் மட்டும் இறங்கி வந்தார்.

"போர் எப்ப முடியும் சார்?"

"தெரியாதுங்க. போன தடவையும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். எங்க கீழ்வீட்டு அம்மா அதை நம்பிப் பிள்ளையை அனுப்பினாங்க. வெட்கமா இருக்கு. அவங்ககிட்ட..."

விளம்பரம் வந்துவிட்டது.

சார் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். டிவியில் பார்த்துவிட்டுப் படியேறி வந்த மல்லிகா அக்கா, வாசலில் மூச்சு வாங்க நின்றார்.

"இப்பதான் பையன் போன் பண்ணான் சார். நல்லாத்தான் இருக்கான். எப்ப வருவான்னுதான் தெரியல." நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். "அன்னிக்கு மூணு விஷயம் கவனிக்கணும்னீங்களே, அந்த டிவிக்காரன் பேசவிடலையே. அது என்ன? இப்ப சொல்லுங்க."

சார் முதல் விரலை மடக்கினார்.

உள்ளே நிஜமாகவே விசில் அடித்தது. நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.