நான் மடித்த வாழையிலை

சிலருக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம். சிலருக்கு லிஃப்ட். எனக்கு வாழையிலை. கல்யாணப் பந்தியில் என் முன்னால் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாலே எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றும். சாப்பாட்டைப் பற்றி எந்தப் பயமும் இல்லை, அதை ஒரு கை பார்த்துவிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிக்க வேண்டுமே, அதுதான் பிரச்சினை. (சிரிக்காதீர்கள். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.)

அப்போது நான் ஹைதராபாத்தில், மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் தப்பையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத் தன்னிடம் தப்பே வராது என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

பிரகாஷ் அதே கம்பெனியில் புரோகிராமர். அவனுடைய தப்புகளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே நாங்கள் காதலிக்க ஆரம்பித்தோம். (ஆபீஸ் காதலுக்கு அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?) நான் விருதுநகர். அவன் உள்ளூர்தான், மாரெட்பள்ளி. தாத்தா காலத்திலேயே ரயில்வே ஒர்க் ஷாப் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. வேறு ஜாதி வேறு. இரண்டு வீட்டிலும் சொன்னோம். இரண்டு வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் என் அப்பா ஒரு வழிக்கு வந்தார். பையனுடைய அப்பா தன் வாயால் போன் பண்ணிப் பேசினால் யோசிக்கலாம், ஆனி முடிவதற்குள் பேசவில்லையென்றால் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கும் சிவகாசி மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவேன் என்றார். ஆகவே எனக்கு வேண்டியது ஒரே ஒரு போன். பிரகாஷின் அப்பாவுடைய விரல், என் அப்பாவுடைய நம்பரை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

அவனுடைய அம்மா நல்ல மனுஷி. "வீட்டுக்குக் கூட்டிட்டு வாடா, ஒரு சாம்பார் வெச்சு அப்பளம் பொரிச்சா ஆச்சு" என்றாராம். அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. எனக்குத்தான் புத்தி அப்படிப் போகவில்லை. வெளிநாட்டு கிளையண்ட் வந்தபோது எங்கள் டீமை பஞ்சாரா ஹில்ஸில் ஒரு பெரிய ஆசிய ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மங்கலான விளக்கு, உள்ளேயே ஒரு சின்னக் குளம், தாய்லாந்து, ஜப்பான், சீனா எல்லாம் ஒரே மெனுவில். அங்கே கூட்டிப் போனால் பெண்ணுக்கு உலகம் தெரியும் என்று மலைத்துப்போவார்கள் என்று நானே முடிவு பண்ணினேன். பிரகாஷ் இரண்டே விஷயம்தான் சொன்னான். அப்பாவுக்குப் போன வருஷம்தான் ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்தார், மனசு நோகிற மாதிரி எதுவும் பேசாதே. இன்னொன்று, அப்பாவுக்குச் சகுனம் ரொம்ப முக்கியம்.

நான் தயாரானேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. சாப் ஸ்டிக் பிடிக்க, ரூம்மேட் சிரீஷாவின் இரண்டு பென்சிலை வைத்து வேர்க்கடலை பொறுக்கிப் பழகினேன். இன்டர்நெட்டில் அந்த ஊர்களின் சாப்பாட்டு மரியாதை எல்லாவற்றையும் படித்தேன். சிரீஷாவின் சந்தன நிறப் பட்டுச் சுடிதாரை இரவல் வாங்கினேன். "கறை பட்டால் கொன்றுவிடுவேன்" என்று அவள் தெலுங்கில் சொன்னதை அன்று முழுக்க மறக்கவே இல்லை. மறந்திருக்கலாம்.

சனிக்கிழமை மதியம். மாமா சஃபாரி சூட்டில் வந்தார். அத்தை பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக வந்தார். (அன்றைக்கு அங்கிள், ஆண்டி என்றுதான் கூப்பிட்டேன். மாமா, அத்தை ஆனது எவ்வளவு பெரிய பாடு என்பதுதான் கதையே.) வாசலில் ஆளுயரப் புத்தர் சிலை இருந்தது. அத்தை அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், கையெடுத்துக் கும்பிட்டார், வெறுங்காலோடு உள்ளே வந்துவிட்டார். மெனு வருவதற்கு முன்னாலேயே வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் அத்தையின் ரப்பர் செருப்பை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு எங்கள் டேபிளுக்கு வந்தார். மாமா அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ நானே ஆர்டர் பண்ணின மாதிரி.

அடுத்து முகம் துடைக்கச் சூடான துண்டு வந்தது. மாமா முகம், கழுத்து, முழங்கை என்று ஆனந்தமாகத் துடைத்துக்கொண்டு "இது நல்லாருக்கு" என்றார். அன்று முழுவதும் அந்த ரெஸ்டாரண்டுக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

மெனுவைத் திறந்த பிறகுதான் பிரகாஷ், சனிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாதே என்றான். அதை முன்னாடியே சொல்வதற்கு என்னடா கேடு என்று கேட்க முடியுமா? சிரித்தேன். சைவம் என்று போட்டிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்தேன். டெஸ்டர் அல்லவா, விடுவேனா? பாவம், சர்வர் ஒவ்வொரு கேள்விக்கும் கிச்சனுக்குப் போய்த் திரும்பி வந்தார். சூப்பில் மீன் சாறு. சாலட்டில் மீன் சாறு. கீரையில்கூட மீன் சாறு. கடைசியில் எஞ்சியது வெள்ளைச் சோறும், மிளகாய்ச் சாந்து தடவி வாழையிலையில் பொதிந்து வேகவைத்த டோஃபுவும்தான்.

"கைக்கு மா இதெல்லாம்? வீட்ல சாம்பார் வெச்சிருப்பாளே" என்றார் மாமா. (ஹைதராபாத் பேச்சில் கைக்கு என்றால் எதற்கு.) கோபமாக இல்லை. பரிதாபமாக.

சோறு கிண்ணத்தில் வந்தது. மாமா சாப் ஸ்டிக்கை எடுத்துக் கொஞ்ச நேரம் போராடினார். நான் பக்கத்தில் லாகவமாக ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். (அந்தக் கையை ஒடித்துப் போட வேண்டும்.) அவருக்குச் சலித்துவிட்டது. இரண்டு குச்சியையும் சோற்றுக்கு நடுவில் ஊதுவத்தி மாதிரி செங்குத்தாகக் குத்தி வைத்துவிட்டுக் கையால் சாப்பிடத் தயாரானார்.

நான் பதறிப்போய் அந்தக் குச்சிகளைப் பிடுங்கினேன். "அங்கிள், அப்படிக் குத்தி வைக்கக் கூடாது. அவங்க ஊர்ல செத்தவங்களுக்குத்தான் அப்படி வைப்பாங்க."

படித்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் ஹார்ட் அட்டாக்கில் பிழைத்து வந்த மனுஷனிடம், சம்பந்தம் பேச உட்கார்ந்த இடத்தில், சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லலாமா? பிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டான். அத்தை தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் மாமா பெரிய மனுஷன். "நல்ல வேளை, சொன்னே. நமக்குத் தெரியாது பாரு" என்று சமாளித்தார். டோஃபு வந்தது. பொதியைப் பிரித்து இலையை அகலமாக விரித்து ஆளுக்கொன்று வைத்தார்கள். இலையைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது பன்னீர்தான், பேரை மாத்தி வெச்சிருக்கான்" என்று சொல்லிச் சோற்றை இலையில் கொட்டிப் பிசைந்து சாப்பிட்டார். நாங்களும் குச்சியைப் போட்டுவிட்டுக் கையில் இறங்கினோம். பேச்சும் களைகட்டியது. விருதுநகர் புரோட்டாவைப் பற்றிக் கேட்டார். ஒர்க் ஷாப்பில் தன் கூட வேலை பார்த்த ஒரு விருதுநகர்க்காரரைப் பற்றிச் சொன்னார். அத்தை "ஹவ், ஹவ்" என்று ஆமோதித்து என் இலையில் தன் டோஃபுவில் பாதியை வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. இவ்வளவு நல்லவர்களுக்கா பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். "சரி மா, உங்க அப்பா நம்பர் சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாப்பாடு முடிந்தது, முன்னால் இலை இருக்கிறது, மடிக்காமல் இருக்கக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பழக்கம் கையில் ஊறியிருக்கிறது. வாய் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தது. கை இலையைத் தொட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நல்ல காரியத்தில் சாப்பிட்டால் இலையின் மேல் பாதியை நம்மைப் பார்த்து மடிக்க வேண்டும். உறவு நம் பக்கம் நிற்கும் என்று கணக்கு. துக்க வீட்டில் சாப்பிட்டால் கீழ்ப் பாதியைத் தூக்கி அந்தப் பக்கமாக மடிக்க வேண்டும். இந்த வீட்டில் இனி இப்படி ஒரு சாப்பாடு வேண்டாம் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நான் தின்ன முடியாமல் ஒதுக்கிய சிவப்புச் சாந்தெல்லாம் இலையின் மேல் ஓரத்தில் குளமாக நின்றது. என்னைப் பார்த்து மடித்தால் நேரே சிரீஷாவின் சுடிதாரில் கொட்டும். கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பக்கமாக மடித்துவிட்டேன். மடித்து ஓரத்தை நீவி வேறு விட்டேன்.

நம்பரை அழுத்திக்கொண்டிருந்த மாமாவின் விரல் நின்றுவிட்டது. அத்தை "ஐயோ முருகா" என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். சீனாக்காரன் வீட்டுச் சாவுக்கெல்லாம் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவள், நம் வீட்டுச் சாவுக்கு இலை மடித்து வைத்திருக்கிறேன். பூமி பிளக்கவில்லை. பக்கத்திலிருந்த அந்தச் சின்னக் குளத்தில் குதிக்கலாம் என்றால் முழங்கால் ஆழம்கூட இல்லை.

இதற்கு மேல் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் என் வருங்காலக் கணவன், ஓ, மடிக்க வேண்டும்போலிருக்கிறது என்று என்னைப் பார்த்து, அச்சு அசலாக அதே மாதிரி தன் இலையையும் அந்தப் பக்கமாக மடித்தான்.

பெற்ற பிள்ளை. அப்பாவுக்கு எதிரே. (எந்தப் பக்கம் எதற்கென்று சத்தியமாகத் தெரியாது என்று பிரகாஷ் இன்றைக்கும் சாதிக்கிறான்.) மாமா போனை மூடிப் பைக்குள் போட்டார். "எந்திரிக்கலாம்" என்றார். ஐஸ்கிரீம் ஆர்டர் பண்ணியிருந்தேன். வேண்டாமா என்று கேட்டதற்கு அத்தை "நக்கோ மா" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு, புத்தரைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் மாமாவுக்கு நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு உயிரே இல்லை. டாக்டர் எல்லா டெஸ்டும் பார்த்துவிட்டு வாயு என்றாராம். அந்த மிளகாய்ச் சாந்து பண்ணின வேலை. டாக்டர் சொல்லி என்ன, இலை சொன்னதுதானே அந்த வீட்டில் எடுபடும்? ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் ஊர் வழக்கத்தை ஊர்க்காரர்களைவிட இறுக்கிப் பிடித்திருப்பார்கள். நான் போன் பண்ணி அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். மாமாவே பேசினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒரு வருஷம் போகட்டும் மா. நான் இருக்கேனா இல்லையான்னு பாத்துட்டுப் பேசிக்கலாம்."

அந்த ஒரு வருஷத்தை எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனி முடிந்தது. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். சிவகாசி மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, பத்திரிகை எனக்கே வந்தது. பெற்ற மகள்கூட அப்பாவின் உடம்புக்காக அப்படி வேண்டியிருக்க மாட்டாள். மாமாவுக்குத் தும்மல் வந்தால் எனக்குத் தூக்கம் வராது. சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, நடக்கப் போனாரா, எண்ணெய்ப் பலகாரம் தின்றாரா என்று பிரகாஷை அரித்தெடுப்பேன். காதலர்கள் பேசிக்கொள்கிற விஷயமா இது? நாங்கள் வேறெதுவும் பேசவில்லை. சுடிதாரை மட்டும் ஒரு சொட்டுக் கறையில்லாமல் சிரீஷாவிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரியாக வருஷம் திரும்பிய சனிக்கிழமை போன் வந்தது. "நான் இன்னும் இருக்கேன் மா. உங்க அப்பா நம்பரை முழுசாச் சொல்லு." ஆபீஸ் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

கல்யாணப் பந்தியில் மாமா என் பின்னாலேயே நின்றார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, "உள்பக்கம் மா, உள்பக்கம்" என்று சொல்லி, மடித்ததைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தார். அதன் பிறகு எந்த விசேஷமானாலும் அப்படித்தான். ஆண்கள் பந்தியிலிருந்து எழுந்து வந்து என் இலையைப் பார்ப்பார். வளைகாப்பில் சொன்னார், கிரகப்பிரவேசத்தில் சொன்னார். டிபன் கடையில் தோசைக்கு அடியில் துண்டு இலை போட்டிருந்தாலும் சொல்வார். என் மகளுக்குத் தமிழே சரியாக வராது, ஆனால் வாழையிலையைக் கண்டால் "அம்மா, உள்பக்கம்!" என்று மட்டும் சுத்தமாகக் கத்துவாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சிரிப்பார்கள். மாமா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

நான் இலை மடித்த பிறகும் பல வருஷம் நன்றாக இருந்துவிட்டு, மாமா ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பாடு. யாருக்கும் இறங்கவில்லை. எழுந்திருக்கும் நேரத்தில் என் கை தானாகப் போய் இலையின் மேல் பாதியைப் பிடித்து என் பக்கமாக மடித்தது. இத்தனை வருஷம் அவர் பழக்கின பழக்கம். மடித்துவிட்டுத்தான் பார்த்தேன். பந்தியில் மற்ற எல்லா இலையும் அந்தப் பக்கமாக மடிந்திருந்தது. அவசரமாகப் பிரித்து மாற்றப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு மா. இதுக்குத்தான் நீ அன்னிக்கே மடிச்சிட்டியே" என்றார்.

சொல்லிவிட்டு, அந்தப் பதினாறு நாளில் முதல் தடவையாக அத்தை சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் என் தோளில் சாய்ந்து அழுதார். நான் அந்த இலையை மாற்றவில்லை. உள்பக்கமாகவே இருந்தது.