கிழ எலிகளின் குடலும் அண்ணனின் போனும்

மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். அங்கே நீங்களும், அண்ணியும், உங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கும் உங்கள் வயிறும் சௌக்கியமா என்று அறிய ஆவல்.

ஐம்பதைத் தாண்டிய என்னை இன்னும் 'பாப்பா' என்று கூப்பிடும் ஒரே ஆள் நீங்கள் என்பதால் என் முடிவை முதலில் உங்களுக்குத்தான் தெரிவிக்கிறேன். எலி வேலையை விட்டுவிடுகிறேன். உங்கள் பெயிண்ட் கடைக்கே வந்துவிடுகிறேன். எனக்காக மெத்தை வைத்த சுழல் நாற்காலி வாங்கிப் போட்டிருப்பதாகச் சொன்னீர்களே, அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிடலாம்.

ஏன் இந்தத் திடீர் ஞானம் என்று கேட்பீர்கள். காரணமே நீங்கள்தான் என்றாலும் மரியாதைக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மாவை உங்களுக்குத் தெரியும்; நடக்கும்போதே ஓடுவாள், அதனால் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர், வைத்தது யார் என்று கேட்காதீர்கள். குடலுக்குள்ளே நோயைத் தடுக்கும் காவல் செல்கள் இருக்கின்றன அல்லவா, வயதான பிறகு அவை வேலை பார்க்கின்றனவா, தூங்கி வழிகின்றனவா என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. உங்களுக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை, பழம் ஒத்துக்கொள்வதில்லை, அண்ணியின் தம்பி வந்திருந்தால் பச்சைத் தண்ணீர்கூட ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே இது உங்களுக்காகவும் நடக்கும் ஆராய்ச்சி என்று நான் பெருமையாக நினைத்திருந்தேன். அதற்காகக் கிழ எலிகள் சிலவற்றை வளர்த்தோம். எலிக்கு இரண்டு வயது என்றால் தள்ளாத வயது. அவை குட்டியாக இருந்த நாளிலிருந்து கூண்டை மாற்றி, தீனி போட்டு, யார் மெலிந்தார், யாருக்கு முடி கொட்டுகிறது என்றெல்லாம் பார்த்தவள் நான். அவற்றில் காது கிழிந்த ஒருவர் இருந்தார். கையில் எடுத்தால் என் கையுறையின் கட்டைவிரலை முகர்ந்துவிட்டுத்தான் மற்ற காரியம் பார்ப்பார். இன்று காலை அவர்கள் எல்லோருக்கும் கடைசிக் காலை. வலி தெரியாமல் செய்யும் முறையில்தான் செய்தோம். அந்த நேரத்தில் எங்கள் அறையில் யாரும் பேசுவதில்லை, ரேடியோ போடுவதில்லை. 'அவசரம்' கூட அப்போது அசையாமல் நிற்பாள். அந்த அமைதிக்கு நாங்கள் செய்யக்கூடிய மரியாதை ஒன்றுதான், அண்ணா: அதற்குப் பிறகு எதையும் வீணாக்காமல் இருப்பது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த வயதில் எலி மறுபடி வேண்டுமென்றால் இன்று பிறந்ததை வளர்த்துக் காத்திருக்க வேண்டும். அதுவரை டாக்டரம்மாவின் வேலையும் இருக்காது, அவளை நம்பியிருக்கும் என் வேலையும் இருக்காது. செல் கிடைத்தால் அறை நடக்கும், கிடைக்காவிட்டால் பூட்டு. இப்படிப்பட்ட நாளில் எங்கள் ஐஸ் மெஷின் மூச்சை நிறுத்திவிட்டது. செல்களோ ஐஸில் வைக்காவிட்டால் செத்துப்போகும். வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்த்த ஜூஸ் கடைக்கு ஓடினேன். "என்னம்மா, ஆபீஸ்ல ஏதாவது விசேஷமா?" என்றார் கடைக்காரர். "விசேஷம்தாங்க, கொஞ்சம் துக்கமான விசேஷம்" என்றேன். பாவம், அவர் காசு வாங்காமல், தொப்பியைக் கழற்றிவிட்டு அள்ளிப் போட்டார். எலுமிச்சை விதைகளோடு ஐஸ் வந்து சேர்ந்தது. அதில் எலிக்கு ஒன்றாக டியூப்களைச் செருகிவிட்டு, குடலைக் கொழுப்பு நீக்கி, நீளவாக்கில் பிரித்து, அலசி அலசிச் சளி போக்கி, பொடியாக நறுக்கி, திசுவைக் கரைக்கும் மருந்தில் போட்டு இளஞ்சூட்டில் குலுக்கி, சல்லடையில் வைத்து சிரிஞ்சின் பின்தண்டால் நசுக்கி வடிகட்டினோம். இவ்வளவுக்கும் பிறகு கையில் மிஞ்சுவது கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒன்று. அதற்குள் காவல் செல்லும் இருக்கும், கண்ட குப்பையும் இருக்கும். பிரிப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. டியூபின் அடியில் கனமான திரவம், அதன்மேல் லேசான திரவத்தில் நம் கஞ்சி. இரண்டும் கலக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றினால் குப்பை மேலே போய்விடும், நமக்கு வேண்டியவை நடுவில் வெள்ளை மோதிரம் போல வந்து நிற்கும். ஒரே ஒரு நிபந்தனை. மற்ற வேலைகளுக்கு மெஷின் பிரேக் போட்டு டக்கென்று நிற்கும். இந்த வேலைக்கு மட்டும் பிரேக்கை எடுத்துவிட வேண்டும். மெஷின் தானாக ஓய்ந்து, தானாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குலுங்கி எல்லா அடுக்கும் ஒன்றாகிவிடும்.

அந்தப் பிரேக்கை எடுக்க நான் விரலை நீட்டிய நேரத்தில்தான் நீங்கள் போன் செய்தீர்கள்.

என் கையில் உறை இருந்ததால் டாக்டரம்மா என் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். "பாப்பா, முடிவைச் சொல்லு! நாற்காலி வந்து எத்தனை நாளாச்சு!" என்று நீங்கள் கேட்டது பக்கத்து அறைவரை போயிருக்கிறது. "அண்ணா, செல்லுக்குச் சாயம் போடணும், அப்புறம் பேசுறேன்" என்றேன். "சாயம்தானே? இங்கயும் சாயம்தான். இங்க சுவருக்குப் போடுறோம், அங்க எலிக்குப் போடுறே. சுவர் கடிக்காதுல்ல?" என்றீர்களே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூடியைச் சாத்தினேன், சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். நீங்கள் அந்த நாற்காலியின் மெத்தையைப் பற்றி, அது சுற்றும் அழகைப் பற்றி, கடைசியில் உங்கள் ஏப்பத்தைப் பற்றியெல்லாம் சொல்லி முடித்துப் போனை வைத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் மெஷின் 'டக்'கென்று நின்றது.

அந்தச் சத்தம் அப்படி வரக்கூடாது, அண்ணா. மூடியைத் திறந்தால் மோதிரமும் இல்லை, அடுக்கும் இல்லை, எல்லா டியூபிலும் ஒரே கலங்கல். டாக்டரம்மா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெஷின்மேல் பழி போட ஒரு வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. காது கிழிந்தவர் என் கட்டைவிரலை முகர்ந்த ஞாபகம் வந்து அதை முழுங்கிவிட்டேன். "நான்தான் பிரேக்கை எடுக்க மறந்துட்டேன், மேடம்" என்றேன். "தெரியும்க்கா. உங்க அண்ணன் பேசும்போது நானும்தான் சிரிச்சேன், நானும்தான் பார்க்கல" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், டியூபை எடுத்துக் கழிவுக் குடுவையில் கவிழ்க்கப் போனேன். தரையிலிருந்தே எழும்பி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்னக்கா பண்றீங்க! செல் எங்கயும் ஓடிப்போகல, இதுக்குள்ளதான் இருக்கு. குப்பையோட இருக்கு, அவ்வளவுதான்!" என்று சொல்லி, எல்லாவற்றிலும் உப்புக் கரைசலை நிறைய ஊற்றி நீர்த்துப்போகச் செய்து, மறுபடி சுற்றி, அடியில் படிந்ததை எடுத்து, காவல் செல்களில் மட்டும் ஒட்டக்கூடிய நிறச் சாயங்களைப் போட்டு, ஐஸில் வைத்து இருட்டில் மூடிவிட்டாள்.

எல்லாம் ஒரு ஒப்புக்குத்தான் என்று எனக்குத் தெரியும். செல்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தில் ஓடவிட்டு நிறம் பார்க்கும் மெஷின் ஒரு இருட்டறையில் இருக்கிறது. அதைக் காக்கிறவரை நாங்கள் 'மௌனசாமி' என்போம். 'ம்' என்றால் சரி, ஒன்றும் சொல்லாவிட்டால் சரியில்லை. இப்போது உள்ளே எங்கள் டியூபை வைத்திருக்கிறார். டாக்டரம்மா அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். நான் உள்ளே போகும் யோக்கியதை இல்லாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதுவரை 'ம்' கேட்கவில்லை. வீணாக்காமல் இருப்பேன் என்று அந்தக் கிழவர்களுக்குக் கொடுத்த வாக்கை ஒரு பொத்தானில் தொலைத்தவளுக்கு இனி இங்கே என்ன வேலை? சுவருக்குச் சாயம் பூசினால் யாரும் சாக வேண்டியதில்லை. நாளைக்கே சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். கடைப் பையன்களுக்கு என் எதிர்கால அதட்டல்கள். உங்கள் வயிற்றுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். நீங்கள் நீண்ட ஆயுளோடு, மெதுவான குரலோடு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புத் தங்கை,
பாப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உள்ளேயிருந்து சத்தம். 'ம்' இல்லை, அண்ணா; மௌனசாமி வாயைத் திறந்து முழுசாக ஒரு வாக்கியம் பேசினார்: "குப்பை நிறைய இருக்கு, ஆனா ஆளுங்க இருக்காங்க." ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை முழுக்கக் குப்பைப் புள்ளிகள். அவர் சாயம் ஒட்டிய புள்ளிகளைச் சுற்றி மட்டும் ஒரு கோடு போட்டார், குப்பை எல்லாம் வெளியே நின்றுவிட்டது, கோட்டுக்குள்ளே காவல்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். எண்ணிக்கை கொஞ்சம் குறைவுதான், ஆனால் போதும் என்கிறாள் டாக்டரம்மா. சொல்லிவிட்டு ஓடினாள், பழையபடி. காது கிழிந்தவரின் டியூபை மறுபடி ஒருமுறை காட்டச் சொன்னேன். அந்த வயதிலும் அவர் ஆட்கள் தூங்கவில்லை.

ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காதீர்கள். படித்திருந்தால் அண்ணியிடம் சொல்லாதீர்கள். அந்த நாற்காலியில் நீங்களே உட்காருங்கள், மெத்தை உங்களுக்கும் நல்லதுதான். ஒரே ஒரு வேண்டுகோள்: பகலில் போன் செய்யாதீர்கள். செய்தால் எடுக்க மாட்டேன். ஏன் எடுக்கவில்லை என்று யாராவது கேட்டால், உங்கள் தங்கை சுற்றிக்கொண்டிருக்கிறாள், பிரேக் போடக்கூடாது, தானாக நிற்பாள் என்று சொல்லிவிடுங்கள்.