முழங்கால் வரை விசுவாசி

உலகத்திலேயே அதிகத் தடவை ஞானஸ்நானம் எடுக்கப் போனவரும், ஒரு தடவைகூட எடுக்காமல் வீடு திரும்பியவரும் ஒரே ஆள்தான். அந்தமானில், பாராடாங் தீவு ஃபெர்ரியில் கயிறு கட்டும் எங்கள் ‘முழங்கால்’. கடலில் முழங்கால் ஆழம் வரை இறங்குவார், பாஸ்டர் கையை நீட்டுவார், இவர் திரும்பிக் கரையேறிவிடுவார். அதனால் வந்த பெயர்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த பாவத்துக்குத் துண்டு பிடிக்கும் வேலை எனக்கு. நான் முருகனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் ஞானஸ்நான ஞாயிறு வந்தால் என் கதவைத்தான் தட்டுவார்.

“சார், இன்னிக்குப் பக்கா. எந்திரிங்க.”

“போன தடவையும் இதையேதானே சொன்னீங்க?”

“அது வேற சார். போன தடவை முதலை.”

அந்த முதலையை அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அதற்கு முந்திய தடவை காய்ச்சல். பாஸ்டர் பொறுமைசாலி. முதலைக்குப் பயந்த மனிதருக்காக சர்ச் முற்றத்தில் சிமென்ட் தொட்டியே கட்டினார். அதிலும் முழங்கால் வரைதான். “தொட்டித் தண்ணி எனக்குச் சேராது பாஸ்டர்!”

வேலையில் மட்டும் ஆள் வேறு மாதிரி. ஃபெர்ரி ஏறும் ஜெட்டிப் பாலத்தில் யாராவது தயங்கி நின்றால் போதும். “அரே பாய்! ஒரு கால் இங்க, ஒரு கால் அங்க வைக்காத! ஏறுனா ஏறு, இல்லன்னா நில்லு!” கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

தொட்டியிலிருந்து திரும்பும் வழியில் கேட்டேவிட்டேன். “ஊருக்கெல்லாம் ஏறச் சொல்றீங்க, நீங்க எப்பதான் ஏறப் போறீங்க? எனக்கும் வயசாகுது இல்ல?”

நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

“முதலை எல்லாம் இல்ல சார். முங்கி எந்திரிச்சா, ரங்கத் ஊர்ல இருக்கானே என் தம்பி, அவனை மன்னிக்கணும். அம்மா செத்ததை எனக்குச் சொல்லாம மெயின்லேண்ட் போயி எரிச்சுட்டு வந்தவன். பொய்யா முங்க மனசு வரல. ஏசுவை விடவும் மனசு வரல.”

துண்டை மடித்துக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் போர்ட் பிளேர் போக ஃபெர்ரி ஏறினேன். ரங்கத் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்களில் கடைசி ஆள், மூக்கும் முழியும் அச்சு அசல் இவரேதான். அண்ணனைப் பார்த்ததும் ஒரு கால் ஜெட்டியில், ஒரு கால் ஃபெர்ரியில் என்று அப்படியே நின்றுவிட்டான். ஃபெர்ரி விலக ஆரம்பித்தது.

“டேய்! விழுந்துடுவடா! ஏறுடா!”

கத்திக்கொண்டே பாய்ந்து இழுத்தார். வருஷக்கணக்கில் பேசாதவர் பேசிய முதல் பேச்சு அதுதான். தம்பி அவர் நெஞ்சில் வந்து மோதினான்.

“உன் முகத்தைப் பாத்துச் சொல்ற தைரியம் இல்லாமப் போச்சுண்ணே...”

“சரிடா. அழாத.”

பிடித்த கையை அவர் விடவே இல்லை. அக்கரை வந்ததும் கயிற்றை யார் கட்டுவது? அதுவும் நான்தான்.

அந்த ஞாயிறு, தொட்டி வேண்டாமென்று கடலுக்கே போனார். முழங்கால் தாண்டியது, இடுப்பு தாண்டியது, தலையும் உள்ளே போயிற்று. எழுந்து வரக் கொஞ்சம் தாமதமானதும் எனக்குத்தான் பதறியது. துண்டு தம்பி கையில் இருந்தது. வெளியே வந்தவர் துண்டைக்கூட வாங்காமல் நேராக என்னிடம் வந்து கட்டிக்கொண்டார்.

இருந்த ஒரே இஸ்திரிச் சட்டை உப்புத் தண்ணீரில் ஊறிப்போயிற்று. போகட்டும்.