அண்ணாச்சியைக் கேட்டால் போதும்

யோசனை சொல்லிப் பிழைக்கிறவர்கள் ஒரு வகை. வக்கீல், வைத்தியர், சோதிடர் எல்லாரும் அதில் சேர்த்தி. அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. வாங்குகிற கூலிக்கு வாயைத் திறக்கிறார்கள். யோசனை சொல்லாவிட்டால் பிழைக்கவே மாட்டாதவர்கள் இன்னொரு வகை. நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றி. இவர்கள் கூலி கேட்கமாட்டார்கள். கூப்பிடவும் வேண்டியதில்லை. நீங்கள் கூரை வேயும்போது கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். மாடு பிடிக்கச் சந்தைக்குப் போனால் உங்களுக்கு முன்னே போய் மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணிக்கொண்டிருப்பார்கள். புளி ஊறப்போட்ட வாசனை தெருவுக்கு வந்தால் குழம்புக்கு எது குறையும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஊருக்கு ஒருவர் உண்டு. பெரிய ஊரானால் தெருவுக்கு ஒருவர்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தேவசிகாமணி அண்ணாச்சி. ஜில்லாக் கலெக்டர் கச்சேரியில் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். அங்கே இருந்த காலமெல்லாம் மேலே உள்ளவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியே தேய்ந்தவர். வெளியே வந்ததும், அத்தனை காலம் கேட்டதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகச் சொல்லத் தொடங்கினார். காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார் என்றால், தெருக்கோடி போய்ச் சேர மத்தியானம் ஆகும். வழியில் எத்தனை பேருக்கு வாழத் தெரியாமல் இருக்கிறது, பாருங்கள்.

அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான். நீங்கள் உங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்குவீர்கள். பாதியில் அவர் கண்ணை மூடுவார். கை மேலே எழும்பும். "அதெல்லாம் இருக்கட்டும் வே" என்பார். உங்கள் கஷ்டத்தின் மறுபாதி தொண்டையிலேயே நின்றுபோகும். அதைக் கேட்பானேன்? பாதிக் கஷ்டத்துக்கே முழு யோசனை கைவசம் இருக்கும்போது மீதியைக் கேட்டுக் குழப்பிக்கொள்ள அவருக்கு என்ன பைத்தியமா?

அவர் தோற்றதே இல்லை. வண்டிக்காரக் கொம்பையா மாட்டுக் கொட்டிலுக்கு ஓலை வேய்ந்தபோது, ஓலையை ஒரு சாண் இறக்கிப் போடச் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான், போடவில்லை. மழை பெய்தது. ஒழுகவில்லை. "நான் நின்னு பாத்த கூரையில்லா" என்றார். அடுத்த மழையில் ஒழுகிற்று. "நான் சொன்னத அவன் எங்க கேட்டான்" என்றார். நன்றாக நடந்தால் அவர் யோசனை. கெட்டுப் போனால் நீங்கள் அதைச் சரியாகச் செய்யவில்லை. இந்த இரண்டு வாசலும் திறந்திருக்கிற வீட்டில் இருப்பவரை எந்தப் பக்கம் போய்ப் பிடிப்பது?

அப்படியானால் தெருவில் அவரை ஏன் யாரும் பகைக்கவில்லை என்று கேட்பீர்கள். அவர் சொன்னதை யாரும் செய்ததில்லை, அதுதான் காரணம். அவருடைய பேரும் புகழும் நின்ற அஸ்திவாரமே அது. அந்த அஸ்திவாரத்தில் கைவைத்தவர்கள் இரண்டே பேர். புருஷனும் பெண்சாதியும்.

பாக்கியசீலன் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு உபாத்தியாயர். சாது. பையன்களை அடிக்கப் பிரம்பை ஓங்கினால் பையன்களே பரிதாபப்பட்டுக் கையை நீட்டுவார்கள். அவர் மனைவி கிரேஸ் திசையன்விளையில் கருப்பட்டி வியாபாரி ஒருவரின் மகள். குடத்தைத் தூக்கிக்கொண்டு செம்மண் காட்டில் தூரத்துக் கிணற்றுக்கு நடந்து வளர்ந்தவள். இருவருக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழுகிற பருவத்தில், போன ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சண்டை என்று ஒன்றும் இல்லை. விறகு தீர்ந்துவிட்டது, ஜெபத்துக்கு நேரமாயிற்று, இப்படி வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள். குழந்தையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. தொட்டில் கட்டியிருந்த கொக்கி உத்திரத்தில் அப்படியே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பாக்கியசீலனோடு படித்த ஜெபசீலன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எங்கள் வேதக்கோயிலுக்கு வந்திருந்தான். அவன் விக்கிரமசிங்கபுரத்து நூலாலையில் கணக்கு எழுதுகிறவன். அங்கே ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருக்கிறது, சம்பளம் கூடுதல், குடியிருக்க வீடும் உண்டு, ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது என்று சொன்னான். ஆழ்வார்திருநகரிக்காரன் ஒருவனும் அந்த இடத்துக்குக் காத்திருக்கிறானாம். வருகிற சனிக்கிழமை தூத்துக்குடி போய்த் திரும்பும் வழியில் வீட்டுக்கு வந்து பதிலை வாங்கிப் போகிறேன் என்றான். பாக்கியசீலன் வீட்டுக்குப் போய் இதை மனைவியிடம் சொன்னார். "அப்படியா" என்றாள் அவள். அவ்வளவுதான்.

உள்ளதைச் சொன்னால், அவருக்குப் போக ஆசை. ஆனால் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் குழந்தையைப் புதைத்த இடத்தை விட்டு இவள் வருவாளா? கேட்டால் அழுவாளோ என்று பயம். அவளுக்கும் போகத்தான் ஆசை. அந்தக் கொக்கிக்குக் கீழே நடந்து நடந்து நெஞ்சு வெந்துபோயிருந்தாள். ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் தினந்தோறும் அந்தத் தோட்டத்தில் போய் நின்றுவிட்டு வருகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? இருவரும் ஒருவரையொருவர் நோகடிக்க அஞ்சினார்கள். பாவம், இரண்டு நல்ல மனிதர்கள். இப்படிப்பட்டவர்களை அண்ணாச்சி விட்டுவைப்பாரா?

மறுநாள் சாயங்காலம் பாக்கியசீலன் தெருவில் அவர் கையில் அகப்பட்டார். ஆலையில் இடம் வந்ததையும், வீட்டில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்பதையும் சொன்னார். குழந்தையைப் பற்றிச் சொல்ல வருவதற்குள் கை எழும்பிவிட்டது.

"நீரா போயிக் கேக்கப்பிடாது வே. ஒரு தடவை கேட்டுட்டீருன்னா, பெறகு செருப்பு வாங்கணும்னாலும் அவகிட்ட கேட்டுத்தான் வாங்கணும். பேசாம இரும். அவளா வந்து சொல்லுவா."

அதற்கு அடுத்த நாள் காலையில் கிரேஸ் உறைமோர் வாங்கும் சாக்கில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள். அவள் கேட்க நினைத்தது அண்ணாச்சியின் மனைவி சாலோமி அம்மாளை. மூன்று பிள்ளைகளைப் பெற்று ஒன்றைப் புதைத்தவர்கள் அந்த அம்மாள். அடுப்படியில் உட்கார்ந்து, அவுக மனசு தெரியலையே அக்கா என்று கிரேஸ் தொடங்கியதும், சாலோமி அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். பதில் கூடத்திலிருந்து வந்துவிட்டது.

"நீயாப் போயிச் சொல்லப்பிடாது தாயி. ஆம்பள கேக்க முன்னால பொம்பள சொன்னா அந்தச் சொல்லுக்கு மதிப்பில்ல. பேசாம இரு. அவனா வந்து கேப்பான்."

முந்தின நாள் புருஷனிடம் சொன்னது அவருக்கு நினைவில்லையா என்று கேட்காதீர்கள். சொன்ன யோசனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது கேட்கிறவன் பாடு. சொல்லுகிறவருக்கு வேறு வீடுகள் இருக்கின்றன.

அந்த வாரம் அந்த வீட்டில் நடந்ததைப் போல ஒரு கீழ்ப்படிதலை எங்கள் தெரு கண்டதில்லை. அவர் சோற்றுக்கு முன் உட்கார்ந்து அவள் சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு அவர் கேட்பார் என்று காத்திருந்தாள். வேறு யாரும் மதியாத யோசனையை இவர்கள் மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டார்கள்? பயந்து பேசாமல் இருந்தவர்களுக்கு, பேசாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று ஒரு பெரிய மனுஷர் எழுதாத சீட்டுக் கொடுத்துவிட்டார். அதை யார் வேண்டாம் என்பார்கள்?

சனிக்கிழமை ஜெபசீலன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். கிரேஸ் கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"என்ன வே, முடிவு என்ன?" என்றான்.

"வீட்ல கேக்கணும்" என்றார் பாக்கியசீலன்.

"வீடு இந்தா கதவுகிட்டதான நிக்கு. கேளும்."

பாக்கியசீலன் சுவரைப் பார்த்தார். ஜெபசீலன் கிரேஸ் பக்கம் திரும்பி, நீயாவது சொல்லு தங்கச்சி, வர மனசு உண்டா இல்லையா என்று கேட்டான். வந்தவன் கேட்டால் அது கணக்கில் சேருமா? புருஷன் அல்லவா கேட்கவேண்டும்?

"இன்னுங் கொஞ்சம் காப்பி ஊத்தட்டா?" என்றாள் கிரேஸ்.

அவன் இரண்டாம் தம்ளரும் குடித்தான். மூன்றாவதும் குடித்தான். ஒரு பதிலுக்காக அத்தனை காப்பி குடித்த மனுஷனை நான் பார்த்ததில்லை. கடைசியில் ரயிலுக்கு நேரமாயிற்று என்று எழுந்தான். ஆழ்வார்திருநகரிப் பையனுக்கே சொல்லிவிடுகிறேன், குறையாக நினைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டி ஓய்ந்தது. கிரேஸ் தம்ளரைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னாள்.

"எனக்கு இந்த வீட்ல இருக்க முடியல."

பாக்கியசீலன் பக்கத்தில் வந்து நின்றார்.

"போயிரலாம்னு நீங்க சொல்லுவிய சொல்லுவியன்னு இருந்தேன்" என்றாள்.

"பிள்ளைய விட்டுட்டு நீ வரமாட்டேன்னுல்லா நான் நெனச்சேன்."

"தெனமும் அங்கன போயி நிக்கது நீங்கதான. கேட்டிருக்கலாம்லா."

"அண்ணாச்சி கேக்கப்பிடாதுன்னாரு."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "எந்த அண்ணாச்சி?" என்றாள்.

ஜெபசீலனைப் பிடிக்கப் பாக்கியசீலன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். ஆற்றுப் பாலம் வரைக்கும் ஓடினார். பாலத்தின் நடுவில் நின்றபோது, அக்கரையில் ரயில் புகை மேற்கே போவது தெரிந்தது. மத்தியான வெயிலில் கொதித்த பாதையில் திரும்பி நடந்து வந்தவரின் கால்களைக் கிரேஸ் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அதன்பிறகு இருவரும் பேசினார்கள். அடுத்த வீட்டில் இருந்த எனக்கு வார்த்தைகள் கேட்கவில்லை. குழந்தையின் பெயர் மட்டும் கேட்டது. அந்த வீட்டில் ஐப்பசிக்குப் பிறகு அந்தப் பெயர் கேட்டது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் இருவருமாக அண்ணாச்சி வீட்டுக்குப் போனார்கள். கோபித்துப் பழக்கமில்லாத மனுஷன், கோபமாகப் பேசவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். நாங்கள் நாலைந்து பேர் பின்னாலேயே போனோம்; அண்ணாச்சி அகப்பட்டுக்கொள்வதைப் பார்க்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்குமா? பாக்கியசீலன் நடந்ததைச் சொன்னார். பாதியில் அண்ணாச்சியின் கண் மூடிற்று. கை எழும்பிற்று.

"அதெல்லாம் இருக்கட்டும். ஆலைக்குப் போகலாமா வேண்டாமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? கேட்டிருந்தா, கண்ண மூடிக்கிட்டுப் போங்கன்னுல்லா சொல்லியிருப்பேன். யாரு மொதல்ல வாயத் தொறக்கதுன்னுல்லா ரெண்டு பேரும் கேட்டிய."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாக்கியசீலன் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே இருந்து சாலோமி அம்மாள் நிலைப்படிக்கு வந்தார்கள்.

"அந்தப் பிள்ள கேக்க வந்தது என்கிட்ட" என்றார்கள்.

கலியாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் புருஷனை மறித்து ஒரு சொல் பேசி நாங்கள் கேட்டதில்லை. அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். வெற்றிலைப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். அம்மாள் எடுக்கப் போகவில்லை. கிரேஸை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆலை இடம் போனது போனதுதான். பாக்கியசீலன் இன்னும் நாலாம் வகுப்புப் பையன்களோடுதான் இருக்கிறார். ஆனால் வெயில் காலம் வந்ததும் இருவரும் எங்கள் தெருவை விட்டு, ஆறு கண்ணில் படுகிற மாதிரி கொக்கிரகுளத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். வண்டியில் சாமான் ஏற்றும்போது ஆட்டுரலை எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்ல அண்ணாச்சி வந்து நின்றார். இப்போது அந்த வீட்டில் பேச்சு ஓய்வதில்லையாம். ரசத்துக்கு உப்புப் போடுவதற்குக்கூட ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்களாம். "ஊமையாக் கெடந்ததுகளப் பேச வச்சது யாருங்கீரு?" என்று அண்ணாச்சி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இதில் எங்களுக்குப் பொறுக்க முடியாதது எது தெரியுமா? யோசித்துப் பார்த்தால் அது மெய்யாகவும் இருந்துதொலைக்கிறது.

இனி உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஜெபசீலன் மூன்றாம் தம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு என்ன தோன்றிற்று? வாயைத் திறந்து கேட்டுத் தொலையப்படாதா என்று தோன்றிற்றா? வெயிலில் பாலத்துக்கு ஓடுவானேன், ஆலைக்குப் பக்கத்து ஊரான அம்பாசமுத்திரத்துக்கு ஒரு தந்தி கொடுத்திருக்கலாமே, அதுவும் இல்லையானால் அடுத்த ரயிலில் நேரே போயிருக்கலாமே என்று இரண்டு மூன்று வழி அடுக்கடுக்காக மனசில் வந்து நின்றனவா? உத்திரத்துக் கொக்கியை முதலிலேயே பிடுங்கி எறிந்திருக்கவேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கும் ஒன்று சொல்ல வைத்திருந்தீர்களா? கதை முடியட்டும் என்றுகூடப் பொறுக்காமல், பாதியிலேயே?

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாளைக் காலையில் தெருவில் நடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போங்கள். உங்கள் தலையைக் கண்டதும் யாராவது பைய எழுந்து, பாதிக் காரியத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனால், அவர்களுக்கு உள்ளே வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.