காண்டாமிருகத்துக்கு வயிறு சரியில்லை

காண்டாமிருகத்தின் இடது கை தோளோடு பிய்ந்து விழுந்த நேரம் பார்த்துத்தான் பாத்ரூம் கதவு தட்டப்பட்டது.

"உள்ளதான் இருக்கீங்களா?" மனைவியின் குரல்.

கணக்கு வாத்தியார் கழிப்பறை மூடியின்மேல், பேன்ட் சட்டை, கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை சகிதம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் மகளுடைய வீடியோ கேம். உள்ளங்கை அகலத் திரையில், மாடிக் கட்டடம் உயரத்துக்கு ஓர் இரும்பு ரோபோ ஒற்றைக் கையோடு தள்ளாடிக்கொண்டிருந்தது. அதுதான் காண்டாமிருகம். அதை ஓட்டுபவர் இவர். எதிரே நின்று ரம்பத்தைச் சுழற்றியவன் இடிமன்னன். எங்கோ ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு கேமை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத யாரோ அவனை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கேன், இருக்கேன்!"

"இவ்வளவு நேரமா என்னங்க பண்றீங்க?"

"வயிறு சரியில்லை!"

வாய்க்கு வந்த பொய். அதைச் சொல்லி முடிப்பதற்குள் காண்டாமிருகத்தின் தலையும் போய்விட்டது.

பெரியவர்கள் கேம் விளையாடினால் என்ன, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மனுஷன் அதை மகளிடமிருந்து பிடுங்கிய லட்சணம் தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். பரீட்சை நெருங்குகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூடத்தில் நிற்கவைத்துப் பேச ஆரம்பித்தார். "இது விளையாட்டுச் சாமான் இல்லம்மா, மனுஷனோட நேரத்தைத் திங்கிற பூதம்! மூளை இருக்கறவன் எவனாவது இதைத் தொடுவானா?" என்றார். பேச்சு அவருக்கே பிடித்துப்போய்விட்டதால் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் மறுபேச்சில்லாமல் பூதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்தாள்.

பூதம் பீரோவுக்குள் போனது. சார்ஜ் இல்லாமல் கிடந்தால் பேட்டரி கெட்டுவிடுமே என்று ஒருநாள் வெளியே எடுத்தார். சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு பொத்தானை அமுக்கினார். அவ்வளவுதான், ஆள் காலி.

அன்று முதல் பூதம் குடியிருந்தது பாத்ரூமில், வெந்நீர் ஹீட்டருக்குப் பின்னால்.

இந்த இடிமன்னன் அவரை ரொம்பவே படுத்தினான். காலையிலும் சாயங்காலமும் தவறாமல் சண்டைக்கு வருவான். பாதிச் சண்டையில் திடீரென்று மரம்போல் நின்றுவிடுவான். நிற்கிறவனை அடிப்பது அசிங்கம். வாத்தியார் அடித்தார். திரும்பி வந்து, 'ஆள் கூப்பிட்டாங்க, இல்லேன்னா உன்னை நொறுக்கியிருப்பேன்' என்று எழுதுவான். ஏதோ தறுதலைப் பையன், இவனைப் பெற்றவர்கள் எங்கே தொலைந்தார்கள் என்று வாத்தியார் உண்மையாகவே வருத்தப்படுவார்.

பொய்க்கு வருவோம். மனைவி அன்றே அவருக்கு டீயை நிறுத்தினாள். அப்புறம் காரம், எண்ணெய், கடைசியில் உப்பு. தட்டில் வெந்த காய்கறி மட்டும் வந்தது. அதைத் தின்ற சோகத்தில் வாத்தியார் இன்னும் அதிக நேரம் பாத்ரூமில் இருந்தார்.

"சாப்பாட்டைக் குறைச்சும் நிக்கலையே!" என்று மனைவி பதறி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

தெருமுனையிலேயே கிளினிக். டாக்டர் பொறுமைசாலி. வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். அந்தக் கையாலேயே வாத்தியாரின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"எப்போ அதிகமா இருக்கு?"

"காலைல கிளம்பறப்போ. அப்புறம் சாயங்காலம்."

"உள்ள போனா வெளிய வர மனசே வராது, இல்லையா?"

"வராது, டாக்டர்." கிளினிக்கில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"இப்போ முடிஞ்சிடும், இதோ முடிஞ்சிடும்னே தோணும்."

"ஆமா, டாக்டர்! ஆனா முடியாது."

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பொல்லாத வியாதி சார் அது. ஆளையே உருக்கிடும்," என்று மாத்திரை எழுதினார். மனைவிக்கு அவர்மேல் அப்படி ஒரு மரியாதை வந்துவிட்டது.

மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கழிப்பறைக்குள் போயின. இல்லாத வியாதி எப்படிக் குணமாகும்?

மனைவி கவலை தாங்காமல் பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் வாத்தியாரின் வகுப்பைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார். அதோடு விட்டாரா? காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம கணக்கு சாரோட வயிறு சீக்கிரம் குணமாகணும்னு எல்லாரும் கண்ணை மூடிப் பிரார்த்தனை பண்ணுங்க!"

மொத்தப் பள்ளிக்கூடமும் கண்ணை மூடியது. வாத்தியார் மட்டும் மூடவில்லை. குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தரை பிளந்தால் அப்படியே உள்ளே இறங்கிவிடலாம் போல இருந்தது. அன்றிலிருந்து வகுப்பில் அவர் வயிற்றில் லேசாகக் கை வைத்தாலே போதும், முன்வரிசை மாணவி எழுந்து கதவைத் திறந்துவிடுவாள்.

இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தது. 'பயந்துட்டியா, காண்டாமிருகம்?' என்று இடிமன்னன் எழுதினான். மானப் பிரச்சினையாயிற்றே!

அடுத்த முறை போனபோது டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "மாத்திரைக்கு அடங்கலை. நாளைக்குக் குழாயை விட்டு உள்ள பார்த்துடலாம்."

வாத்தியாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எந்தப் பக்கமாகக் குழாய் விடுவீர்கள் என்று கேட்கவும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னாலதானேப்பா?"

"எது?"

"நான் படிக்காம விளையாடினேன்னு மனசுலயே வச்சு வச்சுத்தானே உங்களுக்கு இப்படி ஆச்சு? இனிமே அதைக் கேட்கவே மாட்டேம்ப்பா. யாருக்காவது கொடுத்துடுங்க. நீங்க நல்லாயிட்டா போதும்."

அவள் மூக்கு சிவந்திருந்தது. வாத்தியார் வாயைத் திறந்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "போய்ப் படிம்மா," என்றுதான் வந்தது. தன்னைப்போல் ஒரு கேடுகெட்ட தகப்பன் உண்டா என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் தப்பில்லை.

மறுநாள் கிளம்பும்போது மனைவி, "நாம வர்றதுக்குள்ள வேலைக்கார அக்காவை விட்டுப் பாத்ரூமை மூலைமுடுக்கெல்லாம் தேய்க்கச் சொல்லியிருக்கேன். கிருமியா இருந்தாலும் இருக்கும்," என்றாள். வாத்தியார் ஓடிப்போய் ஹீட்டருக்குப் பின்னாலிருந்து பூதத்தை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கிளினிக்கில் டாக்டர் அறை காலியாக இருந்தது. மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மகள் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"பயப்படாதீங்கப்பா. நான் இங்கயேதான் இருப்பேன்."

அதற்குமேல் மனுஷனால் முடியவில்லை. பைக்குள் கையை விட்டார். கேமை எடுத்து மகள் மடியில் வைத்தார்.

"எனக்கு வயித்துல ஒண்ணும் இல்லம்மா. இதுதான்." என்று கேமைக் காட்டினார். "இத்தனை நாளும் உள்ள உட்கார்ந்து இதைத்தான் விளையாடிக்கிட்டிருந்தேன். உன்மேல ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் என்னோடது. என்னை மன்னிச்சிடும்மா."

மகள் கேமைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அப்புறம் கேமை முடுக்கினாள்.

"என் ரோபோவோட இடது கை எங்கப்பா?"

வாத்தியார் தலை குனிந்தார்.

மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். "அடப் பாவி மனுஷா! ஒரு ஸ்கூலே உங்க வயித்துக்காகக் கண்ணை மூடிக்கிட்டு நின்னுச்சே! நான் அழாத நாள் உண்டா? அந்த டாக்டர் எவ்வளவு கவலைப்பட்டாரு! அவரும் உங்க வயசு மனுஷன்தானே, எப்படிப் பொறுப்பா இருக்காரு! அவரைப் பார்த்தாவது கத்துக்கோங்க. இன்னிக்கு நீங்களே உங்க வாயால அவர்கிட்ட உண்மையைச் சொல்லணும். சொல்லி மன்னிப்புக் கேட்கணும்."

"கேட்கறேன்," என்றார் வாத்தியார். அந்த உத்தமர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைக்கும்போதே காது சுட்டது.

மகள் கையில் கேம் விர்ரென்று அதிர்ந்தது. அவள் திரையைப் படித்தாள். "'எங்கே ஒளிஞ்சுக்கிட்டே? சீக்கிரம் வா, வெளிய பேஷன்ட் காத்துக்கிட்டிருக்காங்க.' யாருப்பா இந்த இடிமன்னன்?"

"அணைச்சு உள்ள வைடி அதை!" என்று அதட்டிவிட்டு, மனைவி அந்தப் பக்கம் வந்த நர்ஸை நிறுத்தினாள். "டாக்டர் எங்கம்மா? அவர்கிட்ட அவசரமா ஒரு விஷயம் சொல்லணும்."

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாத்ரூம்ல இருக்காரும்மா. உள்ள போனா லேசுல வெளிய வரமாட்டாரு. பாவம், ஒரு மாசமா அவருக்கும் வயிறு சரியில்லை."