டைனமைட் நானாவின் மீன்கடை

கண்டிச் சந்தையில் மீன் விற்றவர்களிலேயே படுமோசமான வியாபாரி டைனமைட் நானாதான். காசோடு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பெயரைக் கேட்டு முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாக ஒருவரை நினைக்க வேண்டாம். ஒல்லி மனிதர். தும்மினால்கூடப் பக்கத்துக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்பார். கடலில் வெடி போட்டுப் பிடித்த மீனை விற்க மாட்டேன் என்று நின்றதால், அண்ணன் என்று பொருள்படும் நானாவுக்கு முன்னால் சந்தை சூட்டிய பெயர் அது.

மலைநாட்டில் நாம் மீன் வாங்கும் விதமே தனி. கடல் எங்கோ இருப்பதால் கண்ணைத்தான் நம்புகிறோம். வலைத் தடம் இல்லாமல், செதில் உதிராமல் பளபளவென்று இருந்தால் நல்ல மீன் என்று முடிவு கட்டுகிறோம். வெடியில் செத்த மீன் அப்படித்தான் இருக்கும். வெளியே ஒரு கீறல் இராது. உள்ளே நடுமுள் முறிந்து, அதை ஒட்டி இரத்தம் கட்டியிருக்கும். ஆக, கண்டி மக்கள் பொறுக்கிப் பொறுக்கி வெடி மீனையே வாங்கினார்கள்.

நானா சும்மா இருந்திருக்கலாம். அவரோ தராசில் வைக்குமுன் வாங்குபவரின் கண்ணெதிரே மீனை முதுகு வழியாகப் பிளந்து காட்டுவார்.

"பாத்தீங்களா தங்கச்சி, முள்ளு முறிஞ்சி ஈக்கி. இத நான் தர மாட்டன்."

"பொரிக்கத்தானே நானா. முள்ளு முறிஞ்சிருந்தா எனக்கு லேசு."

"உங்களுக்கு லேசு. கடலுக்கு?"

"கண்டியில எங்க நானா கடல் இருக்கு? எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு."

அந்தப் பெண் பக்கத்துக் கடைக்குப் போய், அதே லொறியில் வந்த அதே மீனை வாங்கிக்கொண்டு போவாள். பக்கத்துக் கடைக்காரர் நானாவின் நீண்ட ஆயுளுக்காகத் தினமும் துஆ கேட்டதாகச் சந்தையில் பேச்சு.

இந்தக் கிறுக்கு பிறவியிலே வந்ததல்ல. லொறி ஏன் தாமதமாகிறது என்று விசாரிக்க ஒருமுறை கிழக்குக் கரைக்குப் போனவரை, ஒரு படகுக்காரர் கடலுக்குள் கூட்டிப் போனார். பாதி வழி வாந்தி. மீதி வழியில் வெடி.

"பொடி மீன் வெள்ள வெள்ளயா மெதக்குது. அள்ள ஆளில்ல. பெரிசுல பாதி அடிக்குப் போயிட்டு" என்று பின்னர் என்னிடம் சொன்னார். "குஞ்சு வளர்ற பவளப் பாற, அந்த முருகைக்கல்லெல்லாம் தூள். பத்து மீனப் புடிக்க ஊரையே கொளுத்துறானுவள்."

பல்லேகலயில் ஒரு மறுவீட்டு விருந்து. பாரை மீனுக்கு நானாவிடம் சொல்லிவைத்திருந்தார்கள். விருந்தன்று காலை அவர் பெட்டியைத் திறந்து பத்துப் பன்னிரண்டைப் பிளந்தார். எல்லாவற்றிலும் இரத்தம். முழுப் பெட்டியையும் வந்த லொறியிலேயே திருப்பி ஏற்றிவிட்டார். பெண்ணின் தகப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மாப்பிள்ள வீட்டாளுங்களுக்கு நான் என்னத்த போடுறது நானா?"

"கோழி போடுங்க மொதலாளி."

"அவங்க மீனுதானே கேட்டாங்க."

"கோழிக்கு யாரும் வெடி போடல்ல."

கோழி நன்றாகவே இருந்தது. நானும் சாப்பிட்டேன். ஆனால் அந்தக் குடும்பம் அதன்பிறகு மீன்கடை வரிசைப் பக்கமே வரவில்லை.

நானா அரசாங்க அலுவலகங்களுக்கும் எழுதினார். வெடி போடப்பட்ட இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிடுமாறு ஒரு பதில் வந்தது. பிளந்த மீனைப் படமெடுத்து அனுப்பினார். மீன் செத்த இடம் கரையோர மாவட்டம், அங்கே எழுதவும் என்றார்கள். அங்கே எழுதினார். மீன் விற்கும் இடம் கண்டி, அங்கே எழுதவும் என்றார்கள்.

"மீனவிட இந்தக் காயிதம்தான் கூடத் தூரம் போகுது" என்றார்.

கடைசியில் என்னிடம் வந்தார். நான் பத்திரிகைக்காரன், எழுதினேன். வெடி மீன் ஏற்றிவரும் லொறிகளைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன். அவர் பெயரைப் போடாமல், 'கண்டிச் சந்தையில் மீனைப் பிளந்து காட்டும் வியாபாரி ஒருவர்' என்று குறிப்பிட்டேன். அப்படி ஒருவர்தான் இருந்தார் என்பது அச்சேறிய பிறகே எனக்கு உறைத்தது.

மறுநாளிலிருந்து ஒரு லொறியும் அவர் கடை முன்னால் நிற்கவில்லை. கரையில் யாரும் பிடிபடவில்லை. வெடியும் ஓயவில்லை. என் செய்தியால் நின்றுபோன ஒரே தொழில் நானாவுடையது. வெறும் பலகையைக் கழுவி, கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இடத்தைப் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். இப்போது அது நல்ல அகலமான கடை. கூட்டமும் அதிகம்.

நானா கலகெதரயில் வீதியோரம் மரக்கறி விற்பதாக அறிந்து, மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"நீங்க என்ன, பொய்யா எழுதினீங்க?" என்று கதிரையை இழுத்துப் போட்டார். பிளேன்டீ வரவழைத்தார். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அத வாசிச்சிட்டு யாராவது, ஒரு ஆளாவது, வெடி மீன் வேணாமுண்டு திருப்பிக் குடுத்தாங்களா?"

"ரெண்டு பேர்" என்றேன். ஆதாரமில்லாமல் நான் வெளியிட்ட முதல் தகவல் அது.

"ரெண்டு பேரா?" என்று கேட்டுவிட்டு, வாங்க வந்தவரைக் காக்க வைத்து, அந்த இரண்டு பேரும் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

இப்போது மாதமொருமுறை கலகெதர பஸ்ஸில் ஏறுகிறேன். போகும்போதெல்லாம் அவர் எண்ணிக்கை கேட்கிறார். போன வாரம் அதைப் பதினொன்றுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.