பிரிண்டரைத் திருத்திய கதை

அந்தப் பிரிண்டரை என் சொல்லுக்குக் கட்டுப்பட வைத்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். மனைவி விஷயத்தில் இப்படிச் சபதம் எடுக்கிற அளவுக்கு நான் அனுபவமில்லாதவன் அல்ல. பிரிண்டருக்கு வாய் கிடையாது என்கிற தைரியம்தான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். எங்களோடு வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் கம்ப்யூட்டரையும் கொஞ்சம் பிளாப்பிகளையும் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டரை இயக்குகிற புரோகிராம் முழுதும் அந்தப் பிளாப்பிகளில் இருந்தது. காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை நாலு பேருக்குக் கொடுக்கலாம். கேட்டதுமே எனக்குப் புல்லரித்தது.

பிரிண்டர் மட்டும் நாங்கள் மதுரையில் வாங்கியது. வினை அங்கேதான். பிரிண்டருக்குக் கட்டளை சொல்கிற பகுதிக்கு டிரைவர் என்று பெயர். அதை எந்த நாட்டிலோ ஒரு புண்ணியவான் தன் வீட்டுப் பிரிண்டருக்காக எழுதியிருந்தார். எங்களுடையது வேறு கம்பெனி. எழுத்தை அடிக்கச் சொன்னால் புள்ளி புள்ளியாக அடித்தது. டிரைவரைத் திறந்து பார்த்தேன். "எனக்கு வேலை செய்கிறது. உங்களுக்குச் செய்யாவிட்டால் திருத்திக்கொள்ளவும்" என்று உள்ளே ஒரு குறிப்பு.

நானே திருத்துகிறேன் என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் இராமலிங்கம் உடனே கெடு வைத்தார். அரைப்பரீட்சைக் கேள்வித்தாள் அதில் அச்சாகி வர வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போகும். என் மானமும் பின்னாலேயே போகும் என்பதால் வீட்டுக்கே தூக்கிவந்து முன்னறையில் வைத்தேன்.

என் மனைவி இராசாத்தி ஸ்வெட்டர் பின்னி, சீசனில் ஏழுரோடு சந்திப்புக் கடைகளுக்குக் கொடுப்பவள். அவளுடைய கம்பளிநூல் மூட்டை இருந்த இடத்தில்தான் பிரிண்டர் உட்கார்ந்தது.

"என்னங்க, இந்தச் சனியன் இந்தக் கத்துக் கத்துது?"

"டிரைவர் சரியில்ல. திருத்திக்கிட்டிருக்கேன்."

"தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?"

"பல்லப் புடிச்சுப் பாக்கச் சொல்லித்தானே வாயத் தொறந்தே குடுத்திருக்காங்க."

"அப்ப பாருங்க. எனக்குச் சோலி கெடக்கு."

பார்த்தேன். வாய்ப்பாடுகளை அடித்துச் சோதித்தேன். ஒரு வரியைத் திருத்தினால் புள்ளிகள் சாய்ந்தன. இன்னொன்றைத் திருத்தினால் நெளிந்தன. தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். விடுவதாக இல்லை.

கொஞ்ச நாளில் வீட்டுக் காற்றே மாறியது. கேட்காமலே காபி வந்தது. "வெரசா முடிக்கணும்னு என்ன அவசரம்? நிதானமாப் பண்ணுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் நிதானமாகச் செய்யச் சொன்ன முதல் வேலை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமையாசிரியரும் அரைப்பரீட்சை போனால் போகட்டும், முழுப்பரீட்சைக்குப் பார்க்கலாம் என்று கெடுவை நீட்டினார். என் விடாமுயற்சிக்கு ஊரே தலைவணங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதிமூன்றாம் வாய்ப்பாடு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி அச்சாகி வந்தது. கூவி அழைத்தேன். இராசாத்தி தாளை வாங்கிப் பார்த்தாள். "எழுத்தாவுல்ல வருது" என்றாள். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சந்தோஷத்தில் சாமி கும்பிடப் போகிறாள் என்று நம்பினேன்.

மறுநாள் தாளோடு தலைமையாசிரியர் அறைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அவர் புது ஸ்வெட்டர் போட்டிருந்தார். மார்பின் குறுக்கே சாய்ந்து நெளிந்து ஓடிய புள்ளிகள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. நான் கசக்கி எறிந்த ஒன்பதாம் வாய்ப்பாடு அது.

"சரியாயிடுச்சா சார்?" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். "அவசரப்படுத்தாதீங்க, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு டிசைன் கெடைக்குதுன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே. என் மிஸஸுக்கும் ஒண்ணு சொல்லி வச்சிருந்தேன்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். இராசாத்தி ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை. குப்பையில் கிடந்த தாளைத்தான் எடுத்தாளாம். புள்ளிக்கு ஒரு கண்ணி என்று எண்ணிப் பின்னினால் ஆயிற்றாம். பண்ணைக்காடு கிராமத்தில் அவள் தங்கையும் சிநேகிதிகளும்கூட அதைப் பார்த்துத்தான் பின்னுகிறார்களாம்.

"இனி அதெல்லாம் வராது. நான் திருத்திட்டேன். கேக்குறவங்களுக்கெல்லாம் இதத்தான் குடுப்பேன்."

"தாராளமாக் குடுங்க. யாரு வேணா திருத்தலாம்னா, யாரு வேணா திருத்தாமலும் வச்சுக்கலாமுல்ல? பழைய பிளாப்பி மஞ்சு மூட்டத்துல ஈரிச்சிரும்னு அரிசி டின்னுக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன்."

சட்டப்படி அவள் சொன்னது சரி. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளுக்கு என் டிரைவர், சனிக்கிழமை வீட்டு வேலைக்குப் பழைய டிரைவர். அவள் கேட்ட வாய்ப்பாட்டை நான் அடித்துத் தந்தேன். ஒரு சனிக்கிழமை ஞாபகமறதியில் பிளாப்பியை மாற்றிப் போட்டுவிட்டேன். பதினேழாம் வாய்ப்பாடு முத்து முத்தாக வந்து விழுந்தது.

இராசாத்தி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு வேலையக் கெடுக்கக்கூட உங்களுக்கு ஒழுங்காத் தெரியலயே" என்றாள்.